பக்கத்து வீட்டு அழுகை

மலேசியாவின் தைப்பிங் ஊருக்கு வேன் போய்ச் சேர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதுதான் ஹர்யோனோ விஷயத்துக்கு வந்தான். அதுவரை நெடுஞ்சாலையின் வழவழப்பைப் பற்றியும், தான் முன்னமே வந்து சேர்ந்துவிட்ட கையுறைத் தொழிற்சாலையில் தன்னை நம்பி ஒப்படைத்திருக்கும் நான்கு இயந்திரங்களைப் பற்றியும், அந்த ஊரில் மதியம் மூன்று மணியானால் மழை பிடித்துக்கொள்ளும் அழகைப் பற்றியும் விடாமல் பேசிக்கொண்டு வந்தான். அவன் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷமாகிறது. அவன் பேச்சு நீண்டால் அதற்குப் பின்னால் ஏதோ ஒளிந்திருக்கிறது என்பது நிங்சிக்குத் தெரியும்.

"நிங், வீட்டுக்காரம்மாகிட்ட பூனை இருக்குன்னு சொல்லிட்டேன்" என்றான்.

"நல்லதாப் போச்சு, மாஸ்" என்றாள், அவள் ஊரில் கணவனைக் கூப்பிடுகிற வார்த்தையில்.

"ஒரு பூனைன்னா பரவால்லன்னாங்க."

நிங்சி திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தாள். இரண்டு கூண்டுகள். ஒன்றில் தெம்பே, அதே பேருள்ள வறுத்த சோயா அடையின் பழுப்பு நிறத்தில், வால் பாதியில் முறிந்த கிழட்டு ஆண்பூனை, கம்பியில் முகத்தை அழுத்தி உலகத்தையே திட்டிக்கொண்டிருந்தது. மற்றதில் கபுக். இலவம்பஞ்சு மாதிரி இருப்பதால் அந்தப் பேர். வெள்ளை உடம்பு, நீலக் கண். பிறவியிலேயே காது கேட்காது. தங்கள் ஊரான இந்தோனேசியாவின் மலாங்கில் ஒரு நாள் பெரிய இரும்புச்சட்டி அதன் தலைமாட்டில் விழுந்து வீடே அதிர்ந்தபோது, அது முழித்துக்கூடப் பார்க்காமல் தூங்கிக்கொண்டிருந்ததில் தெரிந்துகொண்ட விஷயம்.

"அப்போ இன்னொண்ணு இருக்குன்னு நீ சொல்லல."

"சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள முன்னால குடியிருந்தவரு பதினோரு பூனை வளர்த்த கதைய ஆரம்பிச்சிட்டாங்க. கூரைக்குள்ளயே மூணு குட்டி போட்டிருக்கு. நாத்தம் போக ரெண்டு தடவ வெள்ளையடிச்சாங்களாம். கதை முடியும்போது எனக்குத் தைரியம் போயிடுச்சு."

நிங்சி கூண்டுக் கம்பிக்குள் விரலை விட்டுக் கபுக்கின் காதைத் தடவினாள். இந்தப் பூனைகளுக்காக அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தடுப்பூசி, தோலுக்கடியில் சில்லு, ரத்தப் பரிசோதனை, முத்திரை மேல் முத்திரை. மாமியார், "மீன் மார்க்கெட்ல விட்டுட்டுப் போ, அதுங்க பிழைச்சுக்கும்" என்றபோது, "அப்போ நானும் அங்கயே இருந்துக்கறேன், எனக்கும் மீன் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தவள். கோலாலம்பூரில் இறங்கியதும் தனிமைக் கூடத்தில் பூனைகளை ஏழு நாள் வைத்திருந்தார்கள். ஏழு நாளும் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஜன்னலில்லாத அறை ஒன்றில் தங்கி, தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

கடைசியில், "எதைக் காட்டுறது, எதை மறைக்கிறது?" என்று கேட்டாள்.

ஹர்யோனோ மூச்சு விட்டான். "தெம்பேய மறைக்க முடியாது. அது மதில் மேல ஏறி ஊருக்கே தன்னை அறிமுகம் பண்ணிக்கும்."

"கபுக் வெளிய போகாது. சரி. ஆனா ஒரு மாசம்தான். அதுக்குள்ள நீ உண்மையைச் சொல்லணும்."

"சொல்றேன்" என்றான் ஹர்யோனோ. அந்த ஒரு மாதம் முடிவே இல்லாத தூரத்தில் இருப்பதாக அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும், விசிலடிக்க ஆரம்பித்தான்.

அவர்கள் போய் இறங்கியபோது சொன்னபடி மழை கொட்டிக்கொண்டிருந்தது. வரிசை வீடுகளில் கடைசிக்கு முந்தைய வீடு. பின்னால் மலை, மலைக்குமேல் மேகம். பக்கத்து வீட்டு வாசலில் குடையோடு நின்றிருந்தார் வீட்டுக்காரம்மா சவோடா. அறுபத்துமூன்று வயது. கணவர் போய்ச் சேர்ந்து நாளாகிறது. இருபத்தாறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். "என் காதுக்குத் தப்பிச்சு இந்தத் தெருவுல ஒரு ஸ்பூன் கீழ விழாது" என்று முதல் ஐந்து நிமிஷத்திலேயே சொன்னார். நிங்சி இரண்டாவது கூண்டை மறைத்தாற்போல் நகர்ந்து நின்றாள்.

கபுக்கின் கூண்டைத் துணியால் போர்த்தி, "சட்டி பானை" என்று முணுமுணுத்துக்கொண்டே ஹர்யோனோ மழைக்குள் ஓடினான். சவோடா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் தெம்பேயின் கூண்டுக்கு முன் குனிந்து, "இவன்தான் துரையா? வால எங்கடா விட்ட?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

வீடு நிங்சிக்கு முதல் நாளே பிடித்துவிட்டது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலை. மலாங்கும் குளிர்ந்த ஊர்தான். ஆனால் இங்கே மழை பெய்து ஓய்ந்த பிறகு வருகிற அந்தப் பச்சை வாடை வேறு. சந்தையில் கீரை மலிவு, மீன் துள்ளுகிறது. மொழியும் ஏறக்குறைய தன்னுடையதுதான். புரிந்துகொள்ளவும் போதும், தப்பாகப் புரிந்துகொள்ளவும் போதும்.

பூனைகளில் முதலில் ஊன்றிக்கொண்டது கபுக்தான். தெம்பே முதல் இரண்டு நாள் இடிக்குப் பயந்து கட்டிலுக்கடியிலேயே கிடந்தது; மூன்றாம் நாள் வெளியே போய் யாரிடமோ அடி வாங்கி, நான்காம் நாள் யாரையோ அடித்து, அதன்பிறகுதான் மதிலில் தனக்கென்று ஒரு இடம் பிடித்தது. கபுக்குக்கு இடியும் இல்லை, மின்விசிறிச் சத்தமும் இல்லை. பின்னறை அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு வெதுவெதுப்பான மூலையைக் கண்டுபிடித்து, அங்கேயே பிறந்து வளர்ந்தது போலச் சுருண்டுகொண்டது.

ஒரே ஒரு தொந்தரவு. தன் குரல் தனக்கே கேட்காத பூனை அது. மற்றப் பூனைகள் மியாவ் என்று முடிப்பதை, அது அடிவயிற்றிலிருந்து எடுத்து, இழுத்து, நடுவில் விம்மி, கடைசியில் தேம்பி முடிக்கும். பசியெடுத்தால் மட்டுமல்ல, வயிறு நிறைந்தாலும் அப்படித்தான். விடிகாலையில் ஒரு தடவை. மத்தியானம் ஒரு தடவை. மலாங்கில் அவர்கள் வீடு தனி வீடு, யாரும் கேட்டதில்லை. இங்கே பின்னறைச் சுவருக்கு அந்தப்பக்கம் சவோடாவின் படுக்கையறை.

ஐந்தாம் நாள் காலையில் சவோடா ஒரு கிண்ணத்தில் தேங்காய்ப்பால் விட்ட பாசிப்பயறுக் கஞ்சியோடு வந்து நின்றார். நிங்சியின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன், மாக்சிக்" என்றாள் நிங்சி. பெரியம்மா வயதில் இருப்பவர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"வாங்கிக்க. பெர்ச்சுமா."

தைப்பிங்கில் அந்தச் சொல்லுக்கு 'இலவசம்' என்று அர்த்தம். நிங்சியின் ஊரில் 'வீண்' என்று அர்த்தம். இவ்வளவு நல்ல கஞ்சியை ஏன் வீண் என்கிறார் என்று குழம்பியபடி வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் வாழைப்பழ அப்பம். அதற்கு மறுநாள் புளிக் குழம்பில் வேகவைத்த மீன். கொடுக்கிற ஒவ்வொரு தடவையும் அதே உற்றுப்பார்வை. நான்காம் தடவை சவோடா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாத்துக்கும் நேரம் எடுக்கும் பிள்ள. மனசப் போட்டு வதைச்சுக்காத."

நிங்சி தலையாட்டினாள். எதற்கு என்று தெரியவில்லை. அன்று அவள் மனசு எதையும் வதைத்துக்கொண்டிருக்கவில்லை; தெம்பேக்கு உண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் ஹர்யோனோ வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தின் நடுவில் நின்றான்.

"வாசல் கேட்டுகிட்ட வீட்டுக்காரம்மா என்னை நிறுத்தி வச்சு கேள்வி கேக்கறாங்க. நான் உன்னை அடிக்கிறேனான்னு."

"என்னது?"

"'விடியக்காத்தால அந்தப் பொண்ணு தலகாணில வாயப் பொத்திக்கிட்டு அழுவுது, உனக்குக் காது கேக்கலையா? ஊரு விட்டு ஊரு கூட்டியாந்தா போதுமா, ஆம்பளைக்கு ஒரு கனிவு வேணாமா'ன்னு பத்து நிமிஷம். தெருவே பாக்குது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னறையிலிருந்து, நேரம் பார்த்தது போல, கபுக் ஆரம்பித்தது. இழுத்து, விம்மி, தேம்பி.

நிங்சி சிரித்ததில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஹர்யோனோவுக்குச் சிரிப்பு வரவில்லை. "உனக்கென்ன, அடிக்கிறவன்னு பேரு எனக்கு."

"போய்ச் சொல்லிடலாம், மாஸ். இப்பவே."

"இப்பவா? சாவி குடுத்து ரெண்டு வாரம்கூட ஆகல. காலி பண்ணுன்னு சொன்னா ரெண்டு பூனையைத் தூக்கிக்கிட்டு எங்க போறது? நீதானே ஒரு மாசம்னு சொன்ன."

அப்படியே நாள் ஓடியது. சவோடா அவளை விடவில்லை. காலையில் சந்தைக்குக் கூட்டிப்போனார். ஏரிக்கரையில் பெரிய மரங்களுக்கடியில் நடக்க வைத்தார். "நட, நடந்தா நெஞ்சுல இருக்கிற பாரம் காலு வழியா இறங்கிடும்." வியாழக்கிழமைகளில் தெருப் பெண்கள் சேர்ந்து குர்ஆனின் யாசின் அத்தியாயம் ஓதுகிற இடத்துக்கு அழைத்துப்போய், "மலாங்குப் பொண்ணு, பாவம்" என்று அறிமுகம் செய்தார். அந்தப் 'பாவம்' ஏற்கெனவே அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒருத்தி தையல் மிஷின் தருகிறேன் என்றாள். இன்னொருத்தி தன் தொட்டியிலிருந்து எலுமிச்சைப்புல் பிடுங்கிக் கொடுத்தாள். இமாமின் மனைவி ஓதி முடித்ததும், புதிதாக வந்தவளின் மனக்கலக்கம் தீர வேண்டும் என்று தனியாக ஒரு துவா கேட்டார். நாற்பது பெண்கள் ஆமீன் சொன்னார்கள். நிங்சி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். வெட்கத்தில் குனிந்த தலையைத் துக்கத்தில் குனிந்ததாக எடுத்துக்கொண்டார்கள்.

சோகமாக இருக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. சவோடாவைப் பார்த்ததும் முகம் தானாக மலர்ந்துவிடும். "வெளிய சிரிக்குது, உள்ள அழுவுது, இந்த மாதிரிப் பொண்ணுங்கதான் ஆபத்து" என்று அதற்கும் சவோடா ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

மூன்றாவது வாரம், ஒரு திங்கட்கிழமை, நிங்சியின் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. காலையில் பிறந்திருக்கிறது. மலாங்கில் எல்லாரும் ஆஸ்பத்திரியில் கூடி, சாப்பிட்டு, பெயர் யோசித்து, அடித்துக்கொண்டு, சிரித்து முடித்த பிறகு, பொழுது சாய்ந்து யாருக்கோ நிங்சியின் ஞாபகம் வந்து படம் அனுப்பினார்கள். வேண்டுமென்று செய்யவில்லை. அவள் அங்கே இல்லை, அவ்வளவுதான். நிங்சி குழாயைத் திறந்துவிட்டு, கழுவின தட்டையே மறுபடி கழுவிக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள். அவளுக்கு எப்போதுமே சத்தமில்லாத அழுகைதான். ஹர்யோனோ இரவு ஷிப்ட். கபுக் குளிர்ப்பெட்டி மேல் தூங்கியது. சுவருக்கு அந்தப்பக்கம் சவோடா டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை மத்தியானம் நிங்சி சவோடாவின் சமையலறைத் தரையில் உட்கார்ந்து மரவள்ளிக் கொழுந்து ஆய்ந்துகொண்டிருந்தாள். மழை இன்னும் பிடிக்கவில்லை, தெரு அமைதியாக இருந்தது. சவோடா எக்ஸ்சேஞ்ச் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷம் தினமும் ஒரே நம்பருக்குப் பேசிய ஒருவன், அந்த வீட்டுப் பெண்ணை விட்டுவிட்டு, நம்பர் போட்டுக் கொடுத்த பெண்ணையே கல்யாணம் செய்துகொண்ட கதை. அந்தப் பெண் சவோடாதான் என்று நிங்சி ஊகித்துச் சிரித்தபோது, சுவருக்கு அப்பால் அழுகை தொடங்கியது.

சவோடாவின் கை நின்றது. சுவரைப் பார்த்தார். நிங்சியைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

"நீ இங்க இருக்க."

"ஆமா, மாக்சிக்."

"அப்போ அங்க அழுவறது யாரு?"

நிங்சி கொழுந்தைக் கீழே வைத்தாள். அழுகை விம்மலுக்கு வந்து தேம்பலில் ஏறியது. சவோடாவின் முகத்தில் ரத்தம் வற்றிப் போனதைப் பார்த்ததும், இவர் பேய் என்று நினைத்து விழுந்து வைப்பாரோ என்ற பயத்தில் எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. "பூனை, மாக்சிக். இன்னொரு பூனை. எங்ககிட்ட ரெண்டு இருக்கு."

சவோடா எழுந்து பக்கத்து வீட்டுக்கு நடந்தார். பின்னறையில் கபுக் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கண்ணை மூடி, கச்சேரி செய்துகொண்டிருந்தது.

"ஏய்" என்றார் சவோடா. கையைத் தட்டினார். அது திரும்பவில்லை.

"அதுக்குக் காது கேக்காது. அதான் அவ்வளவு சத்தம்."

நிங்சி கையை அதன் கண்ணுக்கு முன் ஆட்டினாள். கபுக் பாட்டை நிறுத்தி, திரும்பி, புது ஆளைக் கண்டு, வாலைத் தூக்கிக்கொண்டு வந்து சவோடாவின் காலில் உரசியது. சவோடா குனியவில்லை.

"எத்தன நாளா?"

"வந்த நாள்லேர்ந்து."

"நான் உன் புருஷன நடுத்தெருவுல வச்சுத் திட்டினேன்."

"ஆமா."

"நாப்பது பொம்பளைங்க ஆமீன் சொன்னாங்க. ஒரு பூனைக்கு."

"மாக்சிக், நாங்க..."

"ரெண்டு பூனைன்னு முதல்லயே சொல்லியிருந்தா ஒரு வேள ஒத்துக்கிட்டிருப்பேன். ஒரு வேள மாட்டேன்னிருப்பேன். ஆனா என்னை இப்படி முட்டாளாக்கியிருக்க வேணாம்." அவர் குரல் உயரவே இல்லை, அதுதான் நிங்சிக்குத் தாங்கவில்லை. போகும்போது கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார்.

சாயங்காலம் ஹர்யோனோ விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். "கமுந்திங் பக்கம் ஒரு வீடு காலியாம். நாளைக்கே போய்ப் பாக்கறேன்."

"வீடு பாக்க வேணாம். நான் பேசிக்கறேன்."

"அவங்க கதவையே திறக்க மாட்டாங்க."

"அவங்ககிட்ட இல்ல" என்றாள் நிங்சி.

வியாழக்கிழமை யாசின் ஓதுகிற வீட்டுக்கு அவள் தனியாகப் போனாள். கையில் ஒரு பெரிய தட்டில் பெச்செல், வேகவைத்த கீரைகளின் மேல் வேர்க்கடலைச் சாந்து ஊற்றியது, மலாங்கில் விசேஷம் என்றால் இதுதான். சவோடா வரவில்லை. தலைவலியாம். ஓதி முடிந்து தேநீர் வருவதற்குள் நிங்சி எழுந்து நின்றாள். எல்லாவற்றையும் சொன்னாள், வேனில் பேசியது, துணி போர்த்திய கூண்டு, கஞ்சி, அப்பம், துவா. கடைசியாக, "மாக்சிக் சவோடா உங்ககிட்ட சொன்னது எதுவும் பொய் இல்ல. அவங்க காதுல விழுந்தது அழுகைதான். பொய் எங்களோடது" என்றாள்.

தையல் மிஷின் தருவதாகச் சொன்னவள் முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக் குலுங்க ஆரம்பித்தாள். அது பக்கத்தில் இருந்தவளுக்குத் தொற்றியது. மூலையிலிருந்து ஒருத்தி, "செவிட்டுப் பூனைக்குக் கேட்ட துவா பலிக்குமா?" என்றாள்.

"பலிக்காம? அது சௌக்கியமாத்தானே இருக்கு" என்றார் இமாமின் மனைவி. அதற்குப்பின் அந்த வீட்டில் யாராலும் தேநீர் குடிக்க முடியவில்லை. பெச்செல் தட்டு காலியாகித்தான் திரும்பியது.

மறுநாள் காலை சவோடா வாசலில் நின்றார். கையில் கிண்ணம் எதுவும் இல்லை.

"அங்க போய் எழுந்து நின்னு பேசினியாமே. ராத்திரி மட்டும் ஏழு பேரு போன் பண்ணிட்டாங்க."

"நீங்க அவங்க முன்னால தலகுனியக் கூடாதுன்னு நெனச்சேன்."

"நான் ஏன் தலகுனியணும்? நான் கேட்டது கேட்டதுதான்." உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒண்ணு மட்டும் சொல்லு. உனக்கு இங்க வந்து அழுகையே வரலயா? நெசமா?"

நிங்சி யோசித்தாள். "வந்துச்சு. திங்கக்கிழம."

"திங்கக்கிழம நான் வீட்டுலதானே இருந்தேன்."

"குழாயத் திறந்துவிட்டுட்டு அழுதேன்." தங்கையின் குழந்தையைப் பற்றிச் சொன்னாள்.

சவோடா கையை நீட்டி, "போட்டோ இருக்கா?" என்று கேட்டார். போனை வாங்கிக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "உன் மூக்கு. பாவம், பொண்ணு." அது கேலி என்று புரிய நிங்சிக்கு ஒரு நொடி ஆயிற்று. சவோடா படத்தை இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, பிறந்த குழந்தைக்கு இங்கேயிருந்து என்ன அனுப்பலாம், சனிக்கிழமைச் சந்தையில் எந்தக் கடையில் நல்ல துணி கிடைக்கும் என்று பேச ஆரம்பித்தார். கபுக் எங்கிருந்தோ வந்து அவர் மடியில் ஏறியது. பேச்சை நிறுத்தாமலே அதன் கழுத்தைச் சொறிந்தார்.

எழுந்து போகும்போதுதான் சட்டம் போட்டார். "ரெண்டு. மூணாவது வந்தா நானே உங்க மூட்டைய வெளிய வைப்பேன். கூரைக்குள்ள ஏற விடக்கூடாது. அப்புறம், அன்னிக்கு சட்டி பானைன்னு சொல்லித் தூக்கிக்கிட்டு ஓடினானே, அவன ஞாயித்துக்கிழம என் வீட்டுக்கு அனுப்பு. மழைத்தண்ணிக் குழாய் அடைச்சிருக்கு."

ஞாயிற்றுக்கிழமை ஹர்யோனோ ஏணியில் நின்று, சவோடாவின் கூரை விளிம்பிலிருந்து நாலு வருஷத்துச் சருகை வாரி வெளியே போட்டான். கீழே சவோடா ஏணியைப் பிடித்துக்கொண்டு, இடதுபக்கம் விட்டுப்போச்சு, வலதுபக்கம் விட்டுப்போச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தார். தெருவில் போனவர்களிடமெல்லாம், "நல்ல பையன், நான்தான் தப்பாப் பேசிட்டேன்" என்று அவன் காதில் விழும்படி சொன்னார். தெம்பே மதிலில் உட்கார்ந்து விழுகிற சருகுகளோடு சண்டை போட்டது. மலைமேல் மேகம் இறங்கத் தொடங்கியிருந்தது. நிங்சி கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டே, மதியத்துக்கு மூன்று பேருக்கு உலை வைக்க வேண்டும் என்று எண்ணியபடி உள்ளே போனாள்.